கடைசியாக வந்த வீடு

என் அண்ணனின் புறாக்கள் ஒரு போட்டியில்கூட ஜெயித்தது கிடையாது. இதை நான் பெருமையாகத்தான் சொல்லுகிறேன்.

முக்கூடலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் புறா வளர்க்கிற பதினான்கு பேர் சேர்ந்த குழு எங்களுடையது. எல்லாம் வேலைக்குப் போகிற ஆட்கள். காலையில் மொட்டைமாடியில், எங்கள் பேச்சில் தட்டட்டியில், ஏறிப் புறாவைத் திறந்துவிட்டு, அது மேலே வட்டம் போடுவதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போவார்கள். வருசத்துக்கு ஒரு தடவை போட்டி வைப்போம். எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் புறாவை விடவேண்டும். எந்தப் புறா அதிக நேரம் வானத்தில் நின்று, பிறகு சொந்த வீட்டுத் தட்டட்டியில் வந்து இறங்குகிறதோ அது ஜெயித்தது. அடுத்த வீட்டில் இறங்கினால் கணக்கில் கிடையாது.

அண்ணனுடைய புறாக்கள் சொந்த வீட்டில்தான் இறங்கும். ஆனால் போன வேகத்தில் இறங்கும். "வே, ஒம்ம புறாவுக்குத் தலை சுத்துமோ?" என்று போனில் கேலி செய்வார்கள். "அதுக்கு என்னைப் பாக்காம இருக்க முடியல வே" என்று இவனும் சிரிப்பான். போட்டிக்கு முந்தின நாள் தீனியைக் குறைக்கவேண்டும். இவனுக்கு மனசு வராது. பாவம் பார்த்து ஒரு கை கம்பு கூடப் போட்டுவிடுவான். வயிறு நிறைந்த புறா எங்கே பறக்கும்?

ஆனாலும் அந்தக் குழுவுக்கு அவன்தான் தலைவன். யாரும் ஓட்டுப் போட்டுத் தலைவனாக்கவில்லை. யார் வீட்டுப் புறாவாவது பொழுது அடைகிறவரை திரும்பவில்லை என்றால் முதல் போன் அவனுக்குத்தான் வரும். புறாவைத் தேட அவனுக்கு ஒன்றும் தெரியாது. போனை வைக்காமல் கூடவே பேசிக்கொண்டிருப்பான், அவ்வளவுதான்.

ஒரே ஒரு சட்டம் மட்டும் அவன் கொண்டுவந்தது. மற்ற ஊர்களில் வழி தப்பி வந்த புறாவைப் பிடித்தால் பிடித்தவனுக்கே சொந்தம். அது திரும்ப ஓடிப்போகாமல் இருக்கச் சிறகில் இறகைப் பிடுங்கிவிடுவார்கள். இதனால் வெட்டுக்குத்து வரைக்கும் போனதெல்லாம் உண்டு. எங்கள் குழுவில் அப்படிக் கிடையாது. பிடித்தவன் தன் கையாலேயே கொண்டுபோய்ச் சொந்தக்காரனிடம் கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டு அந்த வீட்டில் ஒரு வாயாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வரவேண்டும். இப்படித்தான் பதினான்கு பேரும் பதினான்கு வீட்டிலும் சாப்பிட்டவர்கள் ஆனார்கள்.

போன ஆவணியில் வேலை முடிந்து பைக்கில் வரும்போது ஆலங்குளம் ரோட்டில் லாரி மோதி அண்ணன் இறந்துபோனான். இருபத்தெட்டு வயசு. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் பீடி சுற்றுகிறேன். புறாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தட்டட்டிக்குத் துணி காயப்போட மட்டும்தான் போவேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், "அவன் இல்லாத வீட்டுல இது எதுக்குட்டி? யார்ட்டயாவது தூக்கிக் குடுத்துரு" என்று அம்மா சொன்னாள். நான் கொடுக்கவில்லை. விடிகிற நேரத்தில் அதுகள் குமுறுகிற சத்தம் கேட்டால் அண்ணன் மேலே நிற்கிறான் என்று ஒரு நிமிசம் தோன்றும். அந்த ஒரு நிமிசத்துக்காக வைத்துக்கொண்டேன்.

குழுவுக்கு அடுத்த தலைவராக, எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற ஒருவர் வந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். தலைமுடி மாதிரி இருக்கிற செம்புக்கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பழகின கை. புறாவிலும் அவரை அடிக்க ஆள் கிடையாது. எச்சத்தின் நிறத்தைப் பார்த்தே என்ன நோய் என்று சொல்லுவார். வருசா வருசம் அவர் புறாதான் ஜெயிக்கும். அதனால் அவர் வந்தது நியாயம்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அண்ணன் போனை நான்தான் வைத்திருந்தேன். வாட்ஸப் குழுவில் அவரை அட்மின் ஆக்கியதும் நான்தான்.

முதல் மாசமே குழு மாறிப்போனது. எந்த மாசம் என்ன மருந்து, எந்தத் தீனி எத்தனை கிராம், எல்லாம் எழுதிப் போட்டார். அத்தனையும் சரி. இன்றைக்கு வரைக்கும் அதில் ஒரு தப்பு யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கேட்காதவர்களை வாய்ஸ் மெசேஜில் திட்டுவார். யார் புறா வல்லூறிடம் மாட்டியது, யார் கூட்டில் நோய் வந்தது என்று வாராவாரம் பட்டியல் போடுவார். அந்தப் பட்டியலில் பெயர் வந்த ஆட்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

எனக்கு அவர் நல்லதுதான் செய்தார். ஒன்றும் தெரியாமல் நான் மிச்சச் சோற்றைப் போட்டுப் புறாக்களுக்குக் கழிச்சல் வந்துவிட்டது. பயந்துபோய் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மூன்று நாள் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்தார். ஒவ்வொரு புறாவாகப் பிடித்து, அலகைத் திறந்து சொட்டு மருந்து விட்டார். ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சோறு போடாதே. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடு." இவ்வளவுதான். அவர் இறங்கிப் போனபிறகு கூட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த மனுசனுக்கு நெஞ்சில் என்ன செம்புக்கம்பியா இருக்கிறது என்று ஆத்திரம்.

அண்ணன் போனில் ஒரு சங்கதி இருந்தது. அவன் யாருடைய எண்ணையும் வெறும் பெயராகச் சேமித்து வைக்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது எழுதியிருப்பான். ஒருவருக்கு 'அம்மாவுக்கு ஆப்பரேசன்'. ஒருவருக்கு 'மச்சானோட பேச்சு இல்ல, அதக் கேக்கக் கூடாது'. அண்ணாச்சிக்கு 'திட்டட்டும்' என்று மட்டும் எழுதியிருந்தான். நான் ஒரு பகல் பூராவும் பீடித்தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அதைப் படித்தேன். அண்ணன் என்ன வேலை செய்துகொண்டிருந்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மார்கழியில் குழு உடைந்தது. வாழை இலைக்கட்டு லோடு ஏற்றுகிற ஒரு அண்ணன் குழுவில் இருந்தார். எங்கள் அண்ணனுக்கு ரொம்பக் கூட்டாளி. அவர் புறாவைத் தப்பான நேரத்தில் திறந்துவிட்டதால், ஒரே வாரத்தில் நான்கை வல்லூறு அடித்துவிட்டது. டீக்கடையில் எல்லாருக்கும் முன்னால் வைத்து அண்ணாச்சி கேட்டார்:

"புறா வளக்கதுக்கு மூளை வேணும்லே. இலைக்கட்டு சுமக்கதுக்கு மட்டும் ஒரு தலைய வச்சிருந்தாப் போதுமா?"

அந்த இலைக்கட்டு அண்ணன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே குழுவைவிட்டு வெளியேறினார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர் போனார்கள். அண்ணன் இடத்தில் இருந்த என்னையும் சேர்த்து ஆறு பேர்தான் மிச்சம்.

இது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். அண்ணன் கட்டின வீடு கிடையாது, அவனுக்குப் பிள்ளை கிடையாது. அவன் உண்டாக்கினது என்று ஊருக்குள் இருந்தது இந்தக் குழு ஒன்றுதான். அது போனால் அவன் இரண்டாம் தடவை செத்த மாதிரி எனக்கு இருக்கும். எப்படியாவது அதைப் பிடித்து வைக்கவேண்டும் என்று தினமும் நினைப்பேன். ஆனால் புறாவுக்குச் சோறு போட்ட பெண் சொன்னால் யார் கேட்பார்கள்?

போட்டி தை மாசக் கடைசியில் வைப்பதாக இருந்தது. மிச்சம் ஆறு பேரோடு நடக்குமா என்பதே சந்தேகம். பன்னிரண்டு நாள் இருக்கும்போது, இலைக்கட்டு அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மத்தியானம் மூன்று மணி இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஏதோ அசைந்தது.

"ஒங்க அண்ணன் இருந்தா அவன்ட்ட போயிருப்பேன். இப்ப யார்ட்ட போவ?" என்றார்.

பையைப் பிரித்துக் காட்டினார். சாம்பல் நிறப் பெட்டைப் புறா. எனக்கே தெரிந்தது, அண்ணாச்சியின் புறா. மூன்று வருசமாக ஜெயித்த புறா. முந்தின நாள் அடித்த காற்றில் திசை தப்பி ஆற்றோரம் இவர் வீட்டுத் தட்டட்டியில் இறங்கியிருக்கிறது. இவர் பிடித்துவிட்டார். பிடித்ததும் டீக்கடை ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு பக்கச் சிறகைப் பிடித்துப் பறக்கிற இறகு பத்தையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டார்.

"பிடுங்கும்போது கோவம் இருந்துச்சு. பத்தாவது இறகு வரைக்கும் இருந்துச்சு. அதுக்குப் பெறகு இத என்ன செய்யதுன்னே தெரியல தாயி" என்றார். பெரிய ஆள், கண் கலங்கிவிட்டது.

அம்மா உள்ளே இருந்தபடியே சொன்னாள்: "நல்லாப் பிடுங்குன போ! கொழம்பு வச்சிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்லா."

"ஏ சித்தி, நீங்க வேற" என்றார் அவர்.

அவர் மனசில் ஒரு யோசனை இருந்தது. புறா எங்கள் வீட்டில் இறங்கினதாகவும், விவரம் தெரியாமல் நான் இறகைப் பிடுங்கிவிட்டதாகவும் சொல்லவேண்டும். "அண்ணனப் பறிகுடுத்த பிள்ளைய அவரு திட்ட மாட்டாரு. பிரச்சனை இங்கனயே முடிஞ்சிரும்."

நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். உண்மையைச் சொல்லுகிறேன், அது எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. சண்டை வராது. போட்டி நடக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பொய்யைச் சொன்னால் இந்த மனுசன் இனிமேல் அண்ணாச்சியின் கண்ணைப் பார்க்கவே மாட்டார். குழுவுக்கும் திரும்ப மாட்டார். அப்புறம் நான் எதைக் காப்பாற்றினேன்?

"புடிச்சவங்கதான கையில கொண்டுபோய்க் குடுக்கணும்? நீங்களே கொண்டு வாங்க. நான் கூட வாறேன்" என்றேன்.

"அவரு என்னைய அடிப்பாரு."

"அடிச்சா ரெண்டு பேரும் வாங்குவோம்."

வாய்க்கால் கரையோரமாக நடந்தோம். அவர் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். பாதி வழியில் ஒருமுறை நின்று, "வேண்டாம் தாயி, நாளைக்குப் போவோம்" என்றார். நான் நிற்காமல் நடந்தேன். நின்றால் நானும் திரும்பியிருப்பேன்.

அண்ணாச்சி கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு. எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, கடைசியில் பையைப் பார்த்தார். கையைத் துடைத்துவிட்டுப் பையை வாங்கினார். புறாவை எடுத்தார். சிறகை விரித்தார்.

"யாரு?"

"நான்தான்" என்றார் இலைக்கட்டு அண்ணன்.

"வெட்டுனியா, பிடுங்குனியா?"

"பிடுங்குனேன் அண்ணாச்சி."

அண்ணாச்சி இறகு இருந்த குழி ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். பத்தையும் பார்த்தார்.

"வெட்டியிருந்தா ஒரு வருசம் போயிருக்கும். பிடுங்குனா நாப்பது நாளுல வந்துரும். ஒண்ணுகூட முறியல. ஒழுங்காப் பிடுங்கவாவது தெரிஞ்சிருக்கேலே." இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. "கெளம்பு. ரெண்டு பேரும் கெளம்புங்க. எம் மூஞ்சில முழிக்காதிய."

இலைக்கட்டு அண்ணன் திரும்பிவிட்டார். நான் நகரவில்லை.

"சாப்பிடாமப் போக மாட்டோம் அண்ணாச்சி" என்றேன்.

"என்னது?"

"புறாவக் கொண்டுவந்து குடுத்தாச்சு. சாப்பிட்டுத்தான் போணும். எங்க அண்ணன் வச்ச சட்டம்."

அண்ணாச்சி சம்சாரத்தை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். வாசலுக்கு வந்து, "மத்தியானச் சோறும் புளிக்கொழம்புந்தான் இருக்கு. வாங்க" என்றார்கள். பிறகு இலைக்கட்டு அண்ணனைப் பார்த்து, "இலை லோடு ஏத்துத ஆளுக்குப் போயித் தட்டுல சோறு போடுதேன் பாத்தியளா, ஒரு இலை கொண்டு வரப்பிடாதா?" என்றார்கள். அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்தார்.

நாங்கள் சாப்பிட்டோம். அண்ணாச்சி சுவரோரம் உட்கார்ந்தார். மடியில் புறா. யாரிடம் என்றில்லாமல் பேசினார்.

"அவன் இருந்தப்ப, கடை அடைக்கிற நேரத்துக்கு தினம் போன் பண்ணுவான். புறாவப் பத்தியே கேக்க மாட்டான். இன்னைக்கு எத்தன மோட்டார், இடுப்பு வலி எப்படி இருக்கு, அதான். இப்பம் எனக்குப் போன் வந்தா எவன் வீட்லயோ புறாவுக்குக் கழிச்சல்னு அர்த்தம்."

"ஒங்களுக்குப் போன் போட்டா திட்டுவியல்லா அண்ணாச்சி" என்றார் இலைக்கட்டு அண்ணன், வாயில் சோற்றோடு.

"திட்டத்தான் செய்வேன். எனக்கு வேற என்ன தெரியும்?"

மைனி என் காதருகில் குனிந்து குழம்பு ஊற்றும்போது சொன்னார்கள்: "ஒங்க வீட்டுக்கு மருந்து விட வந்த மூணு நாளும் ராத்திரி இவரு சோத்துல கையே வைக்கல பிள்ள." நான் அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் ஞாபகம் வந்து எனக்கு வெட்கமாகிவிட்டது. செம்புக்கம்பி என்று நினைத்தேனே.

கிளம்பும்போது அண்ணாச்சி, "அன்னைக்கு டீக்கடையில..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். இலைக்கட்டு அண்ணன், "விடுங்க அண்ணாச்சி, நானும் பத்து பிடுங்கிட்டேன்" என்றார்.

"இந்தப் புறாவுக்குச் சிறகு வாறவரைக்கும் போட்டியத் தள்ளி வச்சா, போனவங்க வருவாங்களா?" அண்ணாச்சி என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நான் கேக்கேன்" என்றேன்.

குழுவில் மெசேஜ் போடவில்லை. எனக்கு எழுதவும் அவ்வளவாக வராது. அண்ணன் போனை எடுத்து ஒவ்வொருவருக்காகக் கூப்பிட்டேன். போனவர்கள், இருந்தவர்கள் எல்லாருக்கும். முதலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருந்ததைக் கேட்பேன். அம்மாவுக்கு ஆப்பரேசன் ஆகிவிட்டதா? மகள் கோபம் தீர்ந்து வீட்டுக்கு வந்தாளா? புறா கடைசியில்தான். திரையில் அண்ணன் பெயரைப் பார்த்ததும் ஒருவர், "ஏ பிள்ள, பயந்து போனேன்" என்று அழுதேவிட்டார். ஒவ்வொருவரும் எனக்குத் தெரியாத அண்ணன் ஒருவனைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கு இருந்தவன், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவன். பதினோரு பேரிடம் பேசி முடிக்க நான்கு நாள் ஆனது. பீடி குறைந்துபோய் அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். இரண்டு பேர் வரமுடியாது என்றார்கள். அவர்களை மட்டும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். "ஒந் தொல்லைக்கே வாறேன்" என்று கடைசியில் சொன்னார்கள். இரண்டு பேரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

பங்குனியில் போட்டி நடந்தது. வெயிலில் புறா நிற்காது, எல்லாம் மத்தியானத்துக்குள் இறங்கிவிடும் என்று அண்ணாச்சி புலம்பினார். எந்தப் புறாவுக்காகக் காத்திருந்தோமோ அந்தச் சாம்பல் பெட்டையை அவர் விடவும் இல்லை. சிறகைப் பிரித்துப் பார்த்து, இறகின் அடியில் இன்னும் ரத்தம் இருக்கிறது, இப்போது பறந்தால் கெட்டுவிடும் என்று கூட்டிலேயே வைத்துவிட்டார். "இதுக்கா வே நாப்பது நாளு காத்துக் கெடந்தோம்?" என்று எல்லாரும் கத்தினார்கள். அவர் அசையவில்லை. அந்த விசயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது.

தன் வீட்டுக்குத் தானே நடுவராக இருக்கக்கூடாது. அண்ணாச்சி போய் இலைக்கட்டு அண்ணன் வீட்டுத் தட்டட்டியில் நடுவராக உட்கார்ந்தார். அங்கே என்ன சொன்னாரோ, எத்தனை திட்டினாரோ தெரியாது. அந்த வீட்டுப் புறாதான் அன்றைக்கு ஜெயித்தது. ஏழே கால் மணி நேரம்.

என் புறா ஐம்பது நிமிசத்தில் இறங்கிவிட்டது. முந்தின நாள் நானும் ஒரு கை கம்பு கூடப் போட்டுவிட்டேன்.

எங்கள் குழுவில் கடைசியாக வருகிறவர் வீட்டில்தான் எல்லாரும் கூடி முடிவை வாசிப்பது வழக்கம். தோற்றவனைத் தனியாக விடக்கூடாது என்பதற்காக. சாயங்காலம் எங்கள் மாடிப்படி முழுக்கச் செருப்பு. அண்ணன் காரியத்துக்குப் பிறகு அத்தனை ஆண்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான். அம்மா பெரிய பானையில் டீ போட்டாள்.

அண்ணாச்சி நோட்டைப் பிரித்து முதலிலிருந்து வாசித்துக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு வந்து, பழக்கத்தில் அண்ணன் பெயரையே எழுதியிருந்ததை அப்படியே வாசித்துவிட்டார். அவர் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரியாத்தான் வாசிச்சிய அண்ணாச்சி" என்றேன். "அதுக்குக் கீழ எம் பேரையும் எழுதிக்கிடுங்க."

அவர் பேனாவை எடுத்து எழுதினார். நல்ல கையெழுத்து அவருக்கு. எழுதி முடிக்கும்வரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கூட்டுக்கு ரெண்டு சொந்தக்காரங்க. அப்பவும் அம்பதே நிமிசம்!" என்றார் இலைக்கட்டு அண்ணன். பதினான்கு பேரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"சீனி போதுமான்னு கேளுட்டி" என்று அம்மா படியிலிருந்து கத்தினாள்.